வெயில் கேட்கும் பழுப்புச் சிறகு: மான்குர்த்தில் ஒரு சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி

மும்பை: மகாராஷ்டிர அரசு 2015-ஆம் ஆண்டு 'புளூ மார்மன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நாட்டில் ஒரு மாநிலம் இவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. தமிழக அரசு 2019-இல் 'தமிழ் மறவன்' என்ற இனத்துக்கு அந்தப் பெருமையை வழங்கியது. முன்னது உள்ளங்கை அளவுக்குச் சிறகு விரித்து, கருமையும் நீலமும் கலந்து பறப்பது. பின்னது கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறம் கொண்டது. இரண்டுமே பார்த்தவுடன் மனதில் நிற்கும் அழகு வாய்ந்தவை.

எந்த அரசும் சின்னமாகத் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாத ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதன் நிறம் பழுப்பு. சிறகுகளை முழுதாக விரித்தாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 32 முதல் 42 மில்லிமீட்டர்தான். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதை அந்துப்பூச்சி என்று எண்ணிக் கடந்துவிடுவர். ஆனால், மும்பையின் கிழக்கு விளிம்பில் உள்ள மான்குர்த் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் மனிதர்களுக்கு எது கிடைக்கிறது, எது மறுக்கப்படுகிறது என்பதை அறிய இந்தச் சிறு உயிர் உதவுகிறது.

எப்படி இருக்கும்?

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'இண்டியன் பாம் பாப்'. அறிவியல் பெயர் சுவாஸ்டஸ் கிரெமியஸ். 'ஸ்கிப்பர்' எனப்படும் ஹெஸ்பெரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் சட்டெனத் தாவுவதுபோல் பறப்பதால் இக்குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்தது. எனவே தமிழில் இதைப் 'பனைத்தாவி' என்று அழைப்பது பொருத்தமாக இருக்கும். பனையும் அதன் உறவு மரங்களுமே இதன் வாழ்வுக்கு ஆதாரம்.

உலகில் ஏறத்தாழ 4,000 ஸ்கிப்பர் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டவை உள்ளன. தடித்த மார்பு, அகன்ற தலை, பெரிய கண்கள், உடலோடு ஒப்பிட்டால் சிறிய சிறகுகள் ஆகியவை இவற்றின் பொது அடையாளங்கள். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் உருண்டு தடித்திருக்கும். ஸ்கிப்பர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நுனி தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். ஐயம் வரும்போது இந்த வளைவைப் பார்த்தாலே போதும்.

பனைத்தாவியின் சிறகுகளின் மேற்புறம் கரும்பழுப்பு. முன்சிறகில் வெளிர்மஞ்சள் சாயலுள்ள வெண்புள்ளிகள் சில உண்டு. அவற்றின் வழியே ஒளி ஊடுருவும். பின்சிறகின் மேற்புறத்தில் குறிப்பிடத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. இதுவரை சொன்னவற்றை வைத்து இதை அடையாளம் காண முடியாது. நெற்பயிரிலும் புல்லிலும் வளரும் 'ரைஸ் ஸ்விஃப்ட்' உள்ளிட்ட பல ஸ்கிப்பர்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

அது சிறகை மூடி அமரும் வரை காத்திருக்க வேண்டும். பின்சிறகின் அடிப்புறம் சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருக்கும். அந்தச் சாம்பல் பரப்பில், பேனா மையைச் சொட்டியதுபோல் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இந்தக் கரும்புள்ளிகளே பனைத்தாவியின் முகவரி. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அடையாளம் தவறாது.

ஓலைக்குள் ஒரு வீடு

இலங்கை, இந்தியா, மியான்மர் தொடங்கித் தென்சீனம், தைவான் வரை பனைத்தாவி பரவியுள்ளது. பெண் பூச்சி தென்னை, ஈச்சை, கமுகு போன்ற மரங்களின் ஓலைமீது ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டை சிவந்த பழுப்பு நிறம். குவிமாடம்போல் மேற்புறம் உருண்டிருக்கும். அதிலிருந்து வெளிவரும் வெளிர்பச்சைப் புழு, ஓலைக் கீற்றை மடித்துப் பட்டு இழையால் தைத்துக் குழல்போன்ற ஒரு கூட்டை அமைத்துக்கொள்கிறது. அதற்குள் தங்கி, ஓலையைத் தின்று வளர்ந்து, ஓலைக் கூட்டிலேயே கூட்டுப்புழுவாகிறது.

தென்னை வளர்ப்போர் இதைப் பூச்சிகளின் கணக்கில் சேர்ப்பது உண்டு. ஆனால், தென்னந்தோப்புகளைச் சீரழிக்கும் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இதனால் விளையும் சேதம் மிகச் சிறிது. வளர்ந்த மரத்தில் நாலைந்து கீற்றுகள் மடிந்து கிடப்பதால் காய்ப்புக் குறைவதில்லை. இதன் புழுக்களைத் தேடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன.

வளர்ந்த பனைத்தாவிக்குத் தேவை தேன். அதற்காக அது பூங்காக்களை நாடுவதில்லை. தண்டவாள ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் தானே முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் உண்ணிச்செடியும் அதற்குப் போதும். இன்னொன்றும் தேவை: வெயில். வண்ணத்துப்பூச்சிகள் வெப்பத்தைத் தாமே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. மார்புத் தசைகள் சூடேறினால்தான் பறக்க முடியும். ஸ்கிப்பர் போன்ற வேகமாகப் பறக்கும் இனங்களுக்கு இந்தத் தேவை மேலும் அதிகம். காலை வெயிலில் அவை இலைமீது அசையாமல் அமர்ந்திருப்பது சோம்பலால் அல்ல.

ஓலை, சிறு பூ, வெயில். இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில் பனைத்தாவி வாழும். ஒன்று குறைந்தாலும் அங்கே தங்காது.

பம்பாயின் பூச்சி ஆய்வு மரபு

இந்த இனத்துக்கு 1798-ஆம் ஆண்டு அறிவியல் பெயர் சூட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபெப்ரீசியஸ். அக்காலத்தில் டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து பல பூச்சி மாதிரிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன என்பது தமிழர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

பின்னர் இந்திய வண்ணத்துப்பூச்சி ஆய்வின் முக்கிய மையங்களில் ஒன்றாகப் பம்பாய் விளங்கியது. 1883-இல் இந்நகரில் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவரான இ.எச். எய்ட்கென், சுங்கம் மற்றும் உப்புத் துறை அதிகாரி. வட கன்னடத்தில் வனத்துறையில் பணியாற்றிய டி.ஆர். பெல், வண்ணத்துப்பூச்சிகளின் முட்டை, புழு, கூட்டுப்புழு நிலைகளைப் பொறுமையாக வளர்த்துப் பார்த்து, கழகத்தின் இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஸ்கிப்பர்களின் வகைப்பாட்டில் உலக அளவில் பெயர்பெற்ற டபிள்யூ.எச். எவான்ஸ், பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. இந்திய வண்ணத்துப்பூச்சிகளை இனம் காண்பது குறித்த அவரது நூலின் 1932-ஆம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டது இக்கழகமே.

இவர்களில் எவரும் முழுநேரப் பூச்சியியலாளர் அல்லர். அலுவலக வேலைக்கு நடுவே சுற்றுப்புறத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள். அதே கூர்மையோடு இன்றைய மான்குர்த்தைப் பார்த்தால் என்ன தெரியும்?

இரண்டு பசுமைகளுக்கு நடுவே

மான்குர்த், மும்பை மாநகராட்சியின் 'எம்-கிழக்கு' வட்டத்தில் உள்ளது. துறைமுக ரயில் பாதை ஒரு காலத்தில் இங்கே முடிவடைந்தது. 1992-இல்தான் கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கு ரயில் சென்றது. இவ்வட்டத்தின் ஒரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையமும் மரங்கள் அடர்ந்த அதன் அணுசக்தி நகரும். மறுபக்கம் தானே கழிமுகமும் அலையாத்திக் காடுகளும். இரண்டு பசுமைகளுக்கும் நடுவில், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, நகரின் வட்டங்களிலேயே கடைசி இடத்தை இதற்குத்தான் அளித்தது.

தமிழர்களுக்கு இப்பகுதி புதிதல்ல. இங்கிருந்த ஜனதா காலனியில் தமிழர்கள் உள்பட பல மொழி பேசும் உழைப்பாளிகள் வாழ்ந்தனர். அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்பதற்காக, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் காலனி அகற்றப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில் 2000-ஆம் ஆண்டின் மகசேசே விருது பெற்ற அவர், 2018-இல் காலமானார்.

சதுப்பு நிலத்துக்கு மனிதர்களைத் தள்ளிய நகரம், பிற்பாடு அதே சதுப்பின் மதிப்பை உணர்ந்தது. அலையாத்திகளை அழிப்பதற்கு மும்பை உயர்நீதிமன்றம் 2005-இல் தடை விதித்தது. அவற்றை அழிப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானே கழிமுகம் 2015-இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை.

ஆனால், அலையாத்திக் காடு வேலிக்கு அப்பால் உள்ளது. அணுசக்தி நகரின் மரங்கள் மதிலுக்கு அப்பால் உள்ளன. இரண்டும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. இடையில் வாழும் குடும்பங்களின் வாசலில் மிஞ்சும் பசுமை எது? சுவரோரம் நிற்கும் ஒற்றைத் தென்னை, சாக்கடை ஓரத்து ஈச்சை, பெயின்ட் வாளியில் வளரும் துளசி, தண்டவாள ஓரத்துக் காட்டுப்பூ. இவை எந்தத் திட்ட வரைபடத்திலும் பசுமைப் பரப்பாகக் குறிக்கப்படுவதில்லை. பனைத்தாவிக்கோ இவையே நாடு. மதிலைத் தாண்டி வந்து தங்கும் தகுதி இந்த வாசலுக்கு உண்டா என்பதை அந்தப் பூச்சி தன் வருகையால் தெரிவிக்கிறது.

சட்டம் தொடாத உயிர்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கான திருத்தத்தை நாடாளுமன்றம் 2022-இல் நிறைவேற்றியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருக்கப்பட்டன. அரிய இனங்களை வேட்டையிலிருந்தும் வணிகத்திலிருந்தும் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம். பனைத்தாவி அரியதல்ல, மும்பையின் வண்ணத்துப்பூச்சிப் பட்டியல்களில் வழக்கமாக இடம்பெறுவது. அதைப் பிடித்து விற்பவரும் இல்லை. எனவே அதற்கு அட்டவணை தேவையில்லை.

அதன் வாழ்வைத் தீர்மானிப்பது வேறொரு சட்டம்: நகரமைப்பு விதிகள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே எத்தனை அடி விட வேண்டும், எவ்வளவு தரையைச் சிமென்ட் பூசாமல் விட வேண்டும் என்று சொல்லும் விதிகள். மும்பையில் ஒரு நபருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஏறத்தாழ 1.24 சதுர மீட்டர் என்பது, நகரின் 2034 மேம்பாட்டுத் திட்டம் தயாரானபோது பரவலாக எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு. மத்திய அரசின் நகரமைப்பு வழிகாட்டு நெறிகள் கூறும் அளவோ 10 முதல் 12 சதுர மீட்டர். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களுக்கு இதிலும் சலுகை உண்டு: கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய வெளியைக் குறைத்துக்கொள்ள விதிகள் அனுமதித்தன.

விளைவு என்ன? மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்ட் அதற்குச் சாட்சி. ரயில், சாலைத் திட்டங்களுக்காக அகற்றப்பட்ட குடும்பங்களை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கே குடியமர்த்தினர். பல மாடிக் கட்டடங்கள் மிகக் குறுகிய இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்ற தன்னார்வ மருத்துவ அமைப்பு, லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்ட் உள்ளிட்ட மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. வெளிச்சமும் காற்றோட்டமும் அற்ற கட்டட அமைப்புக்கும் காசநோய்க்கும் தொடர்பு உள்ளதை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது.

இங்கேதான் பூச்சியின் கதையும் மனிதர்களின் கதையும் ஒன்றாகின்றன. வெயில் விழாத சந்தில் தென்னை வளராது, வெட்டுக்காயப் பூண்டு பூக்காது, பனைத்தாவி வராது. அதே வெயில் இல்லாத அறையில் காசநோய்க் கிருமி நீண்ட நேரம் உயிரோடிருக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்ற தெருவைக் கேட்பது வசதி படைத்தோரின் அழகுணர்ச்சி என்று சிலர் கருதக்கூடும். ஒரு பூச்சிக்குக்கூடப் போதாத வெயிலில் குழந்தைகளை வளர்க்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

தாராவியும் தேவ்னாரும்

இந்தக் கேள்வி மான்குர்த்தோடு முடிவதில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லை எனக் கருதப்படுவோரை நகரின் வேறு பகுதிகளில் குடியமர்த்துவது என்று முடிவானது. அதற்காக, 2024-ஆம் ஆண்டு மாநில அரசு ஒதுக்கிய நிலங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் சுமார் 124 ஏக்கரும் ஒன்று. மான்குர்த் உள்ள அதே எம்-கிழக்கு வட்டத்தில் இருக்கும் இந்தக் குப்பைமேடு 1927 முதல் நகரின் கழிவைத் தாங்கிவருவது. 2016 ஜனவரியில் அங்கே மூண்ட தீயின் புகை பல நாள்கள் நகரைச் சூழ்ந்தது. தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியை உருவாக்கியவர்களின் வாரிசுகளில் பலர் இந்த இடமாற்றத்தின் நிழலில் வாழ்கின்றனர்.

குப்பைமேட்டின்மீது உயிர் தழைக்குமா என்ற கேள்விக்கு விடை தாராவியின் எல்லையிலேயே இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில், நகரின் குப்பை கொட்டப்பட்ட நிலத்தில் மரம் நட்டு, மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உருவாக்கப்பட்டது. 37 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பூங்கா 1994-இல் திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகளும் பலவகை வண்ணத்துப்பூச்சிகளும் வாழ்கின்றன. பள்ளி மாணவர்கள் வந்து பார்க்கின்றனர். குப்பையை மண்ணாக்க இந்நகருக்குத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால், அங்கே மரங்களுக்குக் காலமும் இடமும் அளிக்கப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. தேவ்னாரில் கழிவை அகற்றிய கையோடு கோபுரக் கட்டடங்களை எழுப்பினால் அது இயற்கைப் பூங்காவின் மறுபதிப்பாக இராது. லல்லுபாய் காம்பவுண்டின் மறுபதிப்பாகவே இருக்கும்.

என்ன செய்யலாம்?

தேவ்னார் குறித்த வரைபடங்களும் ஒப்புதல்களும் விவாதத்துக்கு வரும் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகளைத் தமிழ் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்ப வேண்டும். கட்டடங்களுக்கு இடையே, கீழ்த்தள ஜன்னலிலும் வெயில் விழும் அளவுக்கு இடைவெளி உண்டா? சிமென்ட் பூசாத மண்ணாக எவ்வளவு தரை விடப்படும்? அந்த மண்ணில் என்ன நடப்படும்? அலங்காரப் புல்தரைக்குத் தண்ணீரும் பராமரிப்பும் வேண்டும். தென்னை, ஈச்சை, புங்கன் போன்றவை இம்மண்ணுக்குப் பழகியவை. ஒருகாலத்தில் மாஹிமும் மஸ்காவ்ன், கிர்காவ்ன் பகுதிகளும் தென்னந்தோப்புகளாக இருந்தவைதான்.

பதிலைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், கைக்கெட்டும் உயரத்திலுள்ள இளந்தென்னையைப் பார்த்தால் போதும். கீற்று ஒன்று குழலாக மடிந்து தைக்கப்பட்டிருக்கிறதா என்று பள்ளிச் சிறுவர்கள்கூடக் கண்டறியலாம். பக்கத்து இலைமீது சாம்பல் நிறச் சிறகை மூடி, கரும்புள்ளிகள் தெரிய, ஒரு சிறு பூச்சி வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

அது அமர்ந்திருக்கும் தெருவில் மனிதர்களுக்கும் வெயில் கிடைக்கிறது என்று பொருள். லல்லுபாய் காம்பவுண்டின் இருண்ட சந்துகளுக்கும், இனி தேவ்னாரில் எழப்போகும் கட்டடங்களுக்கும் அந்த வெயிலைக் கேட்டுப் பெறுவதே நம் முன் உள்ள வேலை.